ஹேவாஹெட்ட பஸ்ஸில் அராவிய ஆணிகள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக என் அனுபவத்தில் கொஞ்சம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். யோசித்துக் கேட்டிருக்கலாம். எனக்குப் பேச்சும் அதிகம், கோபமும் அதிகம் என்று பழைய ஆட்கள் உங்கள் காதில் போட்டிருப்பார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆகவே நடுவில் கொட்டாவி விடாமல் படியுங்கள்.

ஆணியை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது, துளையை எப்படிப் போடுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவை மேசையில் உட்கார்ந்து கற்க வேண்டியவை. மான்கொம்பைப் பற்றி ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் மீதிக் கதை விளங்கும். கொம்பு வெளியே கல் மாதிரி இருக்கும், உள்ளே ரஸ்க் மாதிரி இருக்கும். கத்தி அலகின் வால் இரும்புக்கு இரண்டு பக்கமும் கொம்புத் துண்டுகளை வைத்து, குறுக்கே பித்தளை ஆணி விட்டு, ஆணியின் இரண்டு நுனியையும் தட்டித் தட்டி விரிய வைக்கிறோம். விரிந்த நுனி கொம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தட்டுவது போதாவிட்டால் பிடி ஆடும். ஒரு தட்டு கூடிப்போனால் கொம்பு பிளந்துவிடும், பிறகு அழுதாலும் ஒட்டாது. தட்டி முடித்த பின் நுனிகளை அராவித் தேய்த்து, பிடிக்கிறவரின் விரலுக்கு ஆணி இருப்பதே தெரியாமல் செய்ய வேண்டும்.

இந்த வேலைக்கு, நகரசுத்தித் தொழிலாளர் லயன்கள் இருக்கிற மஹய்யாவையிலிருந்து ஒரு பெண்ணை, அதாவது என்னை, எடுக்கிறார் என்று எங்கள் முதலாளியைக் கண்டியில் பலர் கேலி செய்தார்கள். அவர் காரணம் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஆம்பிளைகள் கையில் சுத்தியல் கிடைத்தால் அவர்களுக்கு அடிக்கத்தான் தோன்றும். இதை வாசிக்கும் தம்பிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிளந்த கொம்புகளைப் போட்டு வைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம்.

நான் சொல்லப்போவது சண்டைக் காலத்துச் சங்கதி. தமிழர் வீடுகளை எரித்த கலவரம் முடிந்து வருடங்கள் ஆகியிருந்தன. வடக்கே யுத்தம் நடந்தது. இங்கே எங்களுக்குப் பாலத்துக்குப் பாலம் சோதனைச் சாவடி. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையும் ஒரு புதுக் கத்தியும் ஒரே பையில் இருந்தால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆள் ஒருவர், ஹோட்டலுக்குக் கொண்டுபோன இறைச்சிக் கத்தியுடன் பிடிபட்டு, பொலிஸ் நிலைய வாங்கில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார். அன்றைக்கே முதலாளி சட்டம் போட்டார்.

"முடிஞ்ச கத்தியோட ஒத்தரும் பஸ் ஏறப்படா. அலகு வேற, பிடி வேற. ஊட்டுக்குப் போய் சேத்துக் குடுங்க."

அலகு மட்டும் என்றால் அது ஒரு இரும்பு. கொம்பு மட்டும் என்றால் அது ஒரு எலும்பு. இரண்டையும் தனித்தனியே சுற்றி எடுத்துப்போய், வாடிக்கையாளரின் குசினியிலேயே ஆணி வைத்துக் கொடுத்துவிட்டு வருவோம். பிரசவம் பார்க்கிற மருத்துவிச்சி மாதிரி நான் வீடு வீடாகப் போனேன். "கொம்பு தைக்கிற அக்கா" என்று பெயரும் விழுந்தது.

அப்படியிருக்க, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பங்களா அப்பு ஒருவர் பட்டறைக்கு வந்தார். பங்களாவில் சமைக்கிறவரை மலைநாட்டில் அப்பு என்போம், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தங்கள் தாத்தாவை நினைத்துக் குழம்ப வேண்டாம். சந்தைக்கு வந்தவர், லீக்ஸ் கட்டுக்கு நடுவிலிருந்து ஒரு துணிப் பொதியை எடுத்தார். உள்ளே பெரிய இறைச்சிக் கத்தி. பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன அருமையான சாமான். பிடியின் ஒரு பக்கக் கொம்பு ஆணித் துளையோடு பிளந்திருந்தது. மறுபக்கம் கழன்று ஆடியது.

"என்ன அண்ணே செஞ்சீங்க?"

"சுடுதண்ணியில போட்டுட்டேன் தங்கச்சி."

"கொதிக்கிற தண்ணியிலயா?"

"கொழுப்பு போகலன்னு போட்டேன்."

"போச்சா?"

"கொழுப்பும் போச்சு, கொம்பும் போச்சு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குக் கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். அப்படிப்பட்ட நாட்களில் துரையே மேசையில் நின்று அந்தக் கத்தியால் ரோஸ்ட்டை வெட்டிப் பரிமாறுவாராம். போன மாதம்தான் அப்பு ஒரு சூப்பு பாத்திரத்தைப் போட்டு உடைத்திருந்தார். இன்னொரு சாமான் உடைந்தால் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விடு என்று துரைசானி சொல்லியிருந்தார். வேலை போனால் இன்னொரு குசினி கிடைக்கும். வீடுதான் கிடைக்காது. கலவரத்தில் அவர் குடும்பம் இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். பங்களாவுக்குப் பின்னால் கொடுத்திருந்த இரண்டு அறைதான் பெண்சாதி பிள்ளைகளுக்கு மிச்சம்.

அவர் மீண்டும் கண்டிக்கு வர வழியில்லை. ஞாயிறு பதினொன்றுக்குள் நானே குசினிக்கு வந்து பொருத்தித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பழைய உடைந்த பிடிகள் கிடந்த பெட்டியில் தேடி, நிறமும் வளைவும் ஒத்த கொம்பை எடுத்து, அளவு பார்த்துத் துளை போட்டு வைத்தேன். மிச்சம் ஆணி மட்டும்தான்.

ஞாயிறு காலை ஹேவாஹெட்ட பஸ் ஏறினேன். ஊர் தாண்டியதும் ஒரு பாலத்தடியில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. சார்ஜன்ட் ஒருவர் என் பையை மேசையில் கவிழ்த்தார். அலகு, கொம்பு, இரும்புக் கட்டை, சுத்தியல், அரம், மருந்துப் போத்தலில் ஒரே அளவில் வெட்டிய பித்தளைத் துண்டுகள். அப்படிப் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்கே என் மீது சந்தேகம் வந்தது.

நாங்கள் பேசியது சிங்களத்தில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன், மாத்தயா என்றால் ஐயா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் போத்தலைக் குலுக்கினார்.

"இது என்ன?"

"ஆணி, மாத்தயா."

"தலை இல்லாத ஆணியா?"

"தலை இனிமேத்தான் வரும் மாத்தயா."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. உண்மை சில வேளை அப்படித்தான் கேட்கும். இப்படி வெட்டிய துண்டுகள் குண்டுக்குள் போகும் என்று அவருக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. நான் தொழிலைச் சொன்னேன், தோட்டத்தைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டைக்கூடச் சொன்னேன். அவர் என் சோற்றுப் பார்சலைத் தடியால் குத்திப் பார்த்தார்.

"இதெல்லாம் கத்தி என்கிறாய். எங்கே, கத்தியாக்கிக் காட்டு."

மணல் மூட்டையில் உட்கார்ந்தேன். இரும்புக் கட்டையை மடியருகே கருங்கல்லில் வைத்தேன். பசையெல்லாம் காயக் காத்திருக்க முடியாது, அந்தக் காலத்துக் கத்திகள் ஆணியை நம்பித்தான் நின்றன. முதல் ஆணி ஒழுங்காகப் போனது. இரண்டாவதுக்குப் போகும்போது பஸ் முழுவதும் என்னைச் சுற்றி நின்றது. பஸ் நேரத்துக்குப் போக வேண்டும் என்று கண்டக்டர் கத்தினார். ஓங்கி ஒரு போடு போடு, முடிந்துவிடும் என்று ஒரு ஐயா வழி சொன்னார். சார்ஜன்ட் என் தலைக்கு மேலே குனிந்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்.

பிள்ளைகளே, கவனியுங்கள். பின்னால் நின்று அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், முதலாளியோ வாடிக்கையாளரோ துவக்குக்காரரோ, பிளந்த பிறகு அவர் அந்தக் கொம்பை ஒட்டித் தரப் போவதில்லை. நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"மாத்தயா, வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. சார்ஜன்ட் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தள்ளி நின்றார். கூட்டத்தையும் தள்ளி நிற்கச் சொன்னார். இப்போது எல்லாரும் வாய் மூடிப் பார்த்தார்கள், கண்டக்டர் உட்பட. டிக் டிக் என்று தட்டி, கட்டையில் திருப்பி, மறுபக்கம் தட்டி, மூன்றாவது ஆணியும் இறுகியது. கொம்பில் ஒரு கீறல் இல்லை. யாரோ கை தட்டினார்கள்.

சார்ஜன்ட் கத்தியை எடுத்து என் பார்சல் நூலை ஒரே இழுப்பில் அறுத்துப் பார்த்தார்.

"நல்ல கத்தி."

"போகலாமா மாத்தயா?"

"நீ போகலாம். கத்தி போக முடியாது."

"ஏன்?"

"துண்டு துண்டாகக் கொண்டுவந்தாய், சரி. இப்போது இது கத்தி. கத்தியோடு யாரையும் விட எனக்கு உத்தரவு இல்லை."

"நீங்கதானே மாத்தயா செய்யச் சொன்னீங்க!"

"செய்யச் சொன்னேன். கொண்டுபோகச் சொன்னேனா?"

நியாயத்தைப் பாருங்கள்! கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு போயேன் என்றார். ஆணியைக் கழற்றினால் துளை சிதையும், அதே கொம்பில் மறுபடி ஆணி நிற்காது. பட்டறைக்குத் திரும்பிப் போய் வேறு கொம்பு தேட நேரமும் இல்லை. திட்டினால் என் வாய்க்கு நிம்மதி, ஆனால் அப்புவின் வீடு போய்விடும். கோபத்தை விழுங்கிவிட்டு யோசித்தேன். இந்த மனிதருக்குக் கத்தி பிரச்சினை இல்லை. அது யார் கையில் போகிறது என்பதுதான் பிரச்சினை.

"மாத்தயா, என் கையில போகக் கூடாது, அவ்வளவுதானே? உங்க ஆள் ஒருத்தர் கையில போகலாமே."

அப்புவின் கதையையும் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. வீடு எரிந்ததைச் சொன்னபோது அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒட்டடைக் கம்பு போல நெடுநெடுவென்று நின்ற ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார்.

"இந்த அக்காவோடு போ. பங்களாவுக்குப் போய்ச் சேரும்வரை கத்தி உன் கையை விட்டுப் போகக் கூடாது. அடுத்த பஸ்ஸில் திரும்பி வா."

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் அந்தச் சிப்பாய் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கத்தியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்தான். முன்னால் இரண்டு ஆசனம், பின்னால் இரண்டு ஆசனம் உடனே காலியாகின. நெரிசலில் நின்ற சனம் நின்றபடியே வந்தது. அவ்வளவு வசதியாக நான் அந்த வழியில் போனதே இல்லை.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. ஆணி நுனிகள் மிளகு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றன. கத்தியை என்னிடம் தர அவனுக்கு உத்தரவில்லை. சரி, அவன் பிடித்துக்கொள்ளட்டும், நான் அராவுகிறேன் என்று அரத்தை எடுத்தேன். அவன் மறுக்கவில்லை. நேரான வழியில் அராவுவேன், வளைவு வந்தால் அரத்தைத் தூக்கிவிடுவேன். அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே நேரான வழி என்று பெரிதாக எதுவும் கிடையாது. இரண்டு வளைவு போனதும் அவனே "வளைவு வருது அக்கே" என்று முன்கூட்டியே சொல்லத் தொடங்கினான். பித்தளைத் தூள் அவனுடைய பச்சைக் காற்சட்டையில் கொட்டி மினுங்கியது.

அரம் முடிந்து சாண்ட் பேப்பர். அதுவும் முடிந்ததும், "கண்ண மூடிக்கிட்டுப் பெருவிரலால தடவு, ஆணி எங்க இருக்குன்னு சொல்லு" என்றேன். தடவினான். நடு ஆணியில் விரல் நின்றது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மறுபடி தேய்த்தேன். மறுபடி தடவினான். "இல்லை" என்று சிரித்தான். சிரித்தபோதுதான் அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது என்று தெரிந்தது. துடைத்த துணியில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்ததால் அதைப் பையில் திணித்துவிட்டேன். கத்தியைச் சுற்ற வேறு துணி இல்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

தேயிலைக்கு நடுவே பங்களாவின் குசினிப் பாதையில் ஏறினோம். நீளக்கால் சிப்பாய் முன்னால் போனான், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். குசினி ஜன்னலில் அப்புவின் முகம் தெரிந்தது. அவர் கண்ணால் பாருங்கள். தோளில் துவக்கு, கையில் உறையில்லாத பெரிய கத்தி, வேகவேகமாக ஏறி வருகிற ஆமிக்காரன். நான் வளைவில் மறைந்திருந்தேன்.

முகம் மறைந்தது. பின்கதவு படார் என்றது. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது குசினியில் ஆள் இல்லை. பின்னால் தேயிலைச் செடிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"அண்ணே! நான்தான்! வாங்க!"

சத்தமில்லை. என்னை மிரட்டிக் கூப்பிட வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். ஒரு முறை வீடு எரிவதைப் பார்த்தவர் வேறென்ன நினைப்பார்? சிப்பாய்க்கும் சங்கடமாக இருந்தது. உதவி செய்வதாக நினைத்து அவனும் சிங்களத்தில் கூப்பிட்டான். செடிகள் இன்னும் தூரத்தில் ஆடின. நான் அவன் வாயைப் பொத்தாத குறை.

முன்வாசலில் கார்கள் வந்துவிட்டன. சாப்பாட்டு அறையில் பேச்சுக் கேட்டது. கத்தி வந்துவிட்டது, அப்பு ஓடிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் துரைசானி குசினிக்குள் எட்டிப் பார்த்தால், உடைந்த சாமானைவிடப் பெரிய குற்றம் இது. பயந்தவரிடம் பயப்படாதே என்று சொல்லி எந்தக் காலத்திலும் பயம் போனதில்லை. அந்த நேரம், ரோஸ்ட்டுக்கு ஆட்டுக்கால் வைத்திருந்த ஓவனில் இருந்து மெல்லிசாக ஒரு கருகல் வாடை வந்தது. நான் தேயிலைப் பக்கம் திரும்பி அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அண்ணே! ஆட்டுக்கால் கருகுது!"

செடிகள் நின்றன. அடுத்த கணம் தலையில் தேயிலை இலையோடு அப்பு கிளம்பி வந்தார். ஓடினார் என்று சொன்னால் போதாது. வாசலில் நின்ற சிப்பாயை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, ஓவனைத் திறந்து தட்டை வெளியே இழுத்தார். ஒரு ஓரம் கறுத்திருந்தது. குனிந்து அதையே பார்த்தபடி, திரும்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"கத்தி!"

அவருக்குப் பின்னால் நின்றது நான் இல்லை. சிப்பாய்தான் நின்றான். நீட்டிய அந்தக் கையைப் பார்த்தான். கத்தியைத் திருப்பி, அலகைத் தன் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, கொம்புப் பிடியை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

அப்பு கறுத்த ஓரத்தை மெல்லிசாகச் சீவி எடுத்தார். கத்தி வெண்ணெயில் போவது போலப் போனது. இறைச்சியைத் திருப்பி வைத்து, மேலே கொஞ்சம் சாறு ஊற்றினார். அதற்குப் பிறகுதான் கத்தியைத் தந்தது யார் என்று திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் ஆமிக்காரர் கை நீட்டி அது கொடு, இது கொடு என்று கேட்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கேட்கிற கை எங்களுடையதாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டையும் மறைக்கவில்லை.

உள்ளே மணி அடித்தது. அப்பு இலையைத் தலையிலிருந்து தட்டிவிட்டு, மேல்சட்டையை இழுத்துச் சரி செய்து, தட்டோடும் கத்தியோடும் உள்ளே போனார். நானும் சிப்பாயும் கதவருகே காதை வைத்துக்கொண்டு நின்றோம். துரையின் குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பீங்கான் சத்தம். அதில் மற்றது கேட்கவில்லை.

அப்பு திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னண்ணே சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"கத்தியப் பத்தி?"

"ஒண்ணுமே சொல்லல தங்கச்சி. தொர வெட்டுனாரு. தொரசானி குழம்பு கேட்டாங்க." சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து, முகத்தை மேல்சட்டையால் அழுத்தித் துடைத்தார்.

பிள்ளைகளே, எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாவிட்டால் மனம் உடைய வேண்டாம். அங்கே ஒருவருடைய வீடு பிழைத்திருக்கலாம்.

சிப்பாய் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வாசல் பக்கம் நகர்ந்தான். அப்பு, சீவிப் போட்ட இறைச்சியில் கருகாததைப் பொறுக்கி ஒரு பீங்கானில் வைத்தார், அதோடு சாப்பிட இரண்டு துண்டு பாணும் வெட்டி வைத்தார். கதிரையை மேசையடியிலிருந்து இழுத்துப் போட்டார்.

"மல்லி, வாடிவென்ன" என்றார். தம்பி, உட்கார் என்று அர்த்தம். துவக்கைக் காட்டி, மூலையைக் காட்டினார்.

அவன் துவக்கை மூலையில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.